ஓரிரு இடங்களில்

தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்கிற ஊர் எது? பொது அறிவுப் போட்டியில் கேட்டால், வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லார் என்று எழுதி மார்க் வாங்கிவிடுவீர்கள். எங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். 'ஓரிரு இடங்கள்'.

"அந்த ஓரிரு எடம் எங்கடா இருக்கு? நித்தம் நித்தம் அங்கேயே கொட்டுதே, நம்ம தெருப் பக்கம் ஒருநாள் வரக் கூடாதா?" என்று ரேடியோவைப் பார்த்துக் கேட்பாள். கோடை வந்தால் மாநிலச் செய்தி முடிகிற நேரத்தில் தவறாமல் அந்த வாக்கியம் வரும். 'தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.' பெய்தால் 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ளலாம். பெய்யாவிட்டால் 'வேறு இடத்தில் பெய்தது' என்று சொல்லிக்கொள்ளலாம். ஜோசியக்காரர்கள்கூட இவ்வளவு பாதுகாப்பாகப் பேசுவதில்லை என்று நாங்கள் சிரிப்போம்.

நான் சிரித்ததோடு நிற்கவில்லை. எழுதவும் செய்தேன். பத்தி எழுதுகிறவனுக்கு மேட்டர் சிக்காத வாரத்தில் வானிலை அறிக்கையைக் கிண்டல் செய்வது ஒரு வரப்பிரசாதம். கையில் ஜாதகக் கட்டமும் தலையில் குடையுமாக ஒரு கார்ட்டூன் போட்டு, அந்தப் பக்கம் நன்றாகவே வந்திருந்தது. நாலு வாசகர்கள் போன் செய்து சிரித்தார்கள்.

அது வெளியாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. 2011 மே. மனைவியின் ஊர் தென்காசி. லீவுக்குப் போயிருந்தோம். குற்றாலத்தில் மே மாதம் சீசன் கிடையாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டும்போதுதான் கூட்டம் அள்ளும். மேயில் பாறையும் குரங்குமாகக் கிடக்கும். ஆனால் அந்த வருடம் முந்தின வாரமே மலையில் நல்ல கோடை மழை. "பழைய குற்றாலத்துல தண்ணி விழுது மாப்ளே, குளிச்சிட்டு வந்துருவோமா?" என்று மச்சான் கேட்டார். கேட்க வேண்டுமா? எண்ணெய், துண்டு, ஆறு வயது மகள், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

கிளம்பும் முன் அத்தை கையிலிருந்த பேப்பரைக் காட்டினார். தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. நான் அவரிடமும் என் ஜோக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

போய்ச் சேரும்போது மத்தியானம் இரண்டரை மணி. தலைக்கு மேலே வானம் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி நீலமாக இருந்தது. மேற்கே மலையின் தலையில் மட்டும் கருப்பாக ஒரு குவியல். மலை என்றால் மேகம் இருக்கத்தானே செய்யும்? நான் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்க்கிறவரிடம் உட்கார்ந்துவிட்டேன். குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்க்காமல் வந்தவன் திருப்பதிக்குப் போய் லட்டு வாங்காமல் வந்தவன். மனைவியும் மகளும் பெண்கள் குளிக்கிற பக்கம். அருவி அகலமாக, சாதுவாக, வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள்கூட அடியில் நின்று ஆடுகிற அளவுக்குத்தான் தண்ணீர்.

தூரத்தில் எங்கோ 'கடகட' என்று ஒரு சத்தம். மகள் ஈரத்தோடு என்னிடம் ஓடிவந்தாள். "அப்பா, இடியா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். நீல வானம். "இல்லைடா. கல் குவாரியில வெடி வைக்கிறாங்க. நீ போய்க் குளி."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் இத்தனையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நிமிடம் இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கை என் முதுகில் அப்படியே நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதே அருவி. அதே கூட்டம். அவர் எழுந்து, "தண்ணி நெறம் மாறிட்டு" என்றார், யாருக்கோ சொல்வதுபோல. அப்புறம் தொண்டை கிழியக் கத்தினார். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்கங்கேன்! சார், புள்ளைய தூக்குங்க!"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வெள்ளைத் தண்ணீரில் டீத்தூள் கலந்த மாதிரி ஒரு சாயம். கூடவே சருகு. குச்சி. ஒரு பச்சைக் கிளை, இலையோடு. சத்தமும் மாறிவிட்டது. அதுவரை 'ஓ' என்று இருந்தது, 'ம்' என்று அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமலாகியிருந்தது. நான் எப்படி ஓடினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எண்ணெய் வழுக்கி முழங்காலில் விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, தழும்பு இருப்பதால். மகளை யாரோ ஒரு அம்மா தூக்கி மேல் படியில் இருந்த என் மனைவியிடம் கொடுத்துவிட்டிருந்தார். நாங்கள் படியேறி நின்று திரும்பிப் பார்த்தபோது, சற்றுமுன் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த இடம் இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு சுவர் விழுந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பேப்பரில் 'குளிக்கத் தடை' என்று இரண்டு வரி வந்தது. அவ்வளவுதான். எங்கள் தலையில் அன்று ஒரு துளி மழை விழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னைக்குத் திரும்பியதும் நான் முதலில் தேடிப் போனது எங்கள் அப்பார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியை. அங்கே வானிலைத் துறையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் இருந்தார். என்னுடைய கிண்டல் பத்தியை அவர் படித்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே போனேன். படித்திருந்தார். கத்தரித்தும் வைத்திருந்தார். காபி கொடுத்துவிட்டு, "தம்பி, ஓரிரு இடம்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?" என்று கேட்டார்.

தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது மழுப்பல் வார்த்தை இல்லை, கணக்கு வார்த்தை. ஒரு வட்டாரத்தில் மழை அளக்கிற நிலையங்கள் நூறு இருந்தால், அதில் இருபத்தைந்து அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் 'ஓரிரு இடங்களில்'. இருபத்தாறிலிருந்து ஐம்பது என்றால் 'சில இடங்களில்'. ஐம்பத்தொன்றிலிருந்து எழுபத்தைந்து என்றால் 'பல இடங்களில்'. அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்களில்'. 'கனமழை' என்பதும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டர் அளவுக்குத் தொட்டால் கன, பதினொன்றரையைத் தாண்டினால் மிக கன, இருபதரைக்கு மேல் அதி கன. நாம் அடைமொழி என்று நினைத்தது எல்லாம் எண்.

நான் பி.காம். நூற்றுக்கு இருபத்தைந்து என்று பேப்பரில் அச்சிட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நாலு கம்பெனியில் ஒன்று திவாலாகும் என்று தெரிந்தால் நான் எதிலும் பணம் போடமாட்டேன். நாலு இடத்தில் ஒரு இடத்தில் மழை என்று சொன்னதற்குத்தான் கார்ட்டூன் போட்டுச் சிரித்தேன்.

"சரி சார், எந்த இடம்னு சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன். அவர் சமையலறையைக் காட்டினார். உலை வைத்தால் கொதிக்கும் என்று சொல்லிவிடலாம். எத்தனை நிமிடத்தில் என்றுகூடச் சொல்லலாம். முதல் குமிழி பாத்திரத்தின் எந்த இடத்தில் கிளம்பும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

கோடை இடிமழை கிளம்புவது அந்த மாதிரிதான். 'வெப்பச்சலனம் காரணமாக' என்று டி.வி.யில் சொல்கிறார்களே, அந்த வார்த்தைக்குள் இருப்பது இது. வெயிலில் தரை சுடுகிறது. தரையை ஒட்டிய காற்று லேசாகி, ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. மேலே குளிர். ஈரம் துளியாகிறது. துளியாகும்போது தன்னிடம் இருந்த சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் வேகமாக ஏறுகிறது. வட்டிக்கு வட்டி. மத்தியானம் ஒரு மணிக்குப் பஞ்சு மிட்டாய் மாதிரி இருந்த மேகம், மூன்று மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. தனி மேகம் என்றால் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுசு அரைமணி முதல் ஒரு மணி நேரம். எங்கள் தெருவில் பெய்து அடுத்த தெரு காய்ந்து கிடப்பதற்குக் காரணம் வருணபகவானின் பாரபட்சம் இல்லை.

அந்த நாள் கொதிக்கிற நாளா இல்லையா என்பதைக் காலையிலேயே பார்த்துவிட முடிகிறது. மீனம்பாக்கத்திலும் திருவனந்தபுரத்திலும் இன்னும் பல ஊர்களிலும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு பலூனைப் பறக்கவிடுகிறார்கள். சாயங்காலமும் ஒன்று. கருவி ஒன்று அதில் தொங்கிக்கொண்டு போய், எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று கீழே சொல்லிக்கொண்டே போகும். கீழே ஈரமும் சூடும், மேலே நல்ல குளிரும் இருந்தால் உலை தயார். தூண்டிவிட ஒன்று வேண்டும். சென்னையில் அது பெரும்பாலும் கடல்காற்று. தென்காசியில் மலை. சமவெளியில் காற்று தானாக ஏற வேண்டும், மலையில் அதற்கு ஏணி போட்டு வைத்திருக்கிறது. அதுவும் உயரத்தில் காற்று பலமில்லாத நாளாக இருந்தால், மேகம் நகராமல் ஒரே சரிவில் நின்று கொட்டும்.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு வசதி உண்டு. ஜூன், ஜூலையில் நமக்கு வருகிற இடிமழை பல நாள் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் சாயங்காலம் பிறந்து, மேற்குக் காற்றில் ஏறி, ராத்திரி இங்கே வந்து இறங்கும். 2002-லிருந்து சென்னையில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. இப்போதெல்லாம் மொட்டைமாடியில் நின்றுகொண்டு செல்போனிலேயே அதன் படத்தைப் பார்க்கலாம். சிவப்புப் புள்ளி காஞ்சிபுரம் தாண்டியதும் துணியை எடுக்கலாம். 2023 ஜூன் 18 ராத்திரி அப்படி வந்ததுதான், விடிவதற்குள் மீனம்பாக்கத்தில் சுமார் 16 சென்டிமீட்டர் கொட்டி, ஜூன் மாதத்தில் மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட வைத்தது. என் பாட்டி இருந்திருந்தால் 'ஓரிரு எடம்' ஒருவழியாக நம் தெருவுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஆனால் மழை எங்கே பெய்யும் என்பது பாதிக் கணக்குதான். பெய்த தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பது மீதி. அந்த மீதியில்தான் நான் என் மகளை நிறுத்தி வைத்திருந்தேன்.

பெரியவர் வீட்டில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். கால்குலேட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். ஒரு பேச்சுக்கு, ஓர் அருவிக்கு மேலே ஐந்து சதுர கிலோமீட்டர் மலை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை. மொத்தம் 25 கோடி லிட்டர். பாதியை மரமும் மண்ணும் குடித்துவிட்டன என்று தாராளமாகக் கழித்துவிடுவோம். மீதி பன்னிரண்டரைக் கோடி. அது ஒரு மணி நேரத்தில் அருவி வழியாக இறங்கினால், விநாடிக்கு முப்பத்தைந்தாயிரம் லிட்டர் பக்கம். சம்மரில் நம் தெருவுக்கு வருகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி தெரியுமில்லையா? விநாடிக்குக் கிட்டத்தட்ட மூன்று லாரி. தலைக்கு மேலேயிருந்து. வானம் நீலமாக இருக்கும்போதே.

சமவெளி ஆற்றில் வெள்ளம் வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். தண்டோரா போடலாம், டி.வி.யில் சொல்லலாம், மாட்டை அவிழ்த்துவிடலாம். மழை பெய்து ஆறு மணி நேரத்துக்குள் வருவதைத்தான் திடீர் வெள்ளம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். செங்குத்தான மலை, பாறைத் தரை, சின்ன ஓடை என்றால் அந்த ஆறு மணி நேரம் அரைமணியாகச் சுருங்கிவிடும். ரேடார் பார்க்காதா? பார்க்கும், அதற்கும் எல்லை உண்டு. அதன் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைகிறது. தூரம் கூடக் கூட அது மேகத்தின் தலையைத்தான் பார்க்கும், காலைப் பார்க்காது. நடுவில் ஒரு மலை நின்றால் அதற்குப் பின்னால் மறைவு. ஊருக்குள் தாலுகா ஆபீஸில் இருக்கும் மழைமானியோ, மலைமேல் என்ன நடந்தது என்று தெரியாமல் பூஜ்யம் காட்டிக்கொண்டு நிற்கும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்ப்சன் என்று ஒரு மலை இடுக்கு ஆறு. 1976 ஜூலை 31 சாயங்காலம் மலைமேல் ஒரு இடிமேகம் நகராமல் நின்றுவிட்டது. நாலு மணி நேரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர். கீழே விடுமுறைக்கு வந்து தங்கியிருந்தவர்களில் பலர் மழையையே சரியாகப் பார்க்கவில்லை. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். காரில் ஏறி, பள்ளத்தாக்குச் சாலையிலேயே வெள்ளத்தோடு போட்டி போட்டவர்கள் தோற்றார்கள். காரை விட்டுவிட்டு மலையில் நாலு அடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்துச் சாலைகளில், வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறுங்கள் என்று படத்தோடு போர்டு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் சும்மா இருக்கவில்லை. 2020 அக்டோபரில் தெற்காசிய நாடுகளுக்காகத் திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பு ஒன்றை இந்திய வானிலைத் துறை தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது, அது கேட்கிற கேள்வி. எவ்வளவு மழை பெய்யும் என்பதோடு நிற்காமல், இந்தச் சின்ன நீர்ப்பிடிப்பில் மண் ஏற்கெனவே எவ்வளவு ஊறியிருக்கிறது, இன்னும் எவ்வளவு பெய்தால் கரை தாண்டும் என்று கேட்கிறது. முந்தின வாரம் மழை பெய்தது, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று நாங்கள் குஷியாகக் கிளம்பினோமே, அதன் அர்த்தம் மலை ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருக்கிறது என்பது. எங்களை அழைத்த சேதியே எச்சரிக்கைதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன்.

2024 மே 17, வெள்ளிக்கிழமை. ஆபீஸில் பக்கத்து சீட்காரர் ஒரு வீடியோவை நீட்டினார். "சார், இது உங்க மாமனார் ஊர் பக்கம்தானே?" பழைய குற்றாலம். அதே படிகள். அதே செம்மண் சுவர். ஜனங்கள் கத்திக்கொண்டு மேலே ஓடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த கனமழையில் திடீரென்று வந்த வெள்ளம். திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பதினேழு வயதுப் பையனை அது இழுத்துக்கொண்டு போய்விட்டது. தேடி எடுத்தபோது உயிர் இல்லை.

அந்த வீடியோவை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தை யாரும் குறை சொல்லிவிட முடியாது, நான் நிச்சயம் முடியாது. அவர்கள் செய்ததையும் அதற்கு மேலும் செய்தவன் நான். எனக்கு ஒரு எண்ணெய் தேய்க்கிறவரின் கண் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரை அந்த வருடக் கடைசியில் போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தார். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. "வருஷத்துக்கு நாலு தடவ கத்துவேன் சார், எந்தத் தடவன்னு கேக்கீய?" என்றார். பாதித் தடவை ஒன்றும் ஆகாதாம். தண்ணீர் லேசாகக் கலங்கி, கொஞ்சம் கூடி, திரும்ப வெளுத்துவிடுமாம். வெளியே வந்தவர்கள் அவரைத் திட்டிவிட்டுத் திரும்பக் குளிக்கப் போவார்களாம். "திட்டுனா திட்டிட்டுப் போறாங்க."

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். மழை எச்சரிக்கை வந்தால் இப்போது குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள். தடை போட்ட அன்றைக்கு மழை பெய்யாமல் போவதும் உண்டு. "மூணு நாள் மூடினா எனக்கு மூணு நாள் அடுப்பு எரியாது சார். வானிலைக்காரங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம்." இதைச் சொன்ன அதே மனிதர்தான் ஒரு சருகைப் பார்த்ததும் தன் வாடிக்கையாளர்களை எல்லாம் விரட்டுகிறவர். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பர்ஸைத் திறந்ததைப் பார்த்து, "உக்காருங்க, தேச்சிட்டே குடுங்க" என்றார்.

இரண்டு தப்பு இருக்கிறது என்று அந்த ரிட்டையர்ட் பெரியவர் சொல்லியிருந்தார். வரும் என்று சொல்லி வராமல் போவது ஒன்று. சொல்லாமல் விட்டு வந்துவிடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். முதல் தப்புக்கு விலை மூன்று நாள் அடுப்பு, ஒரு கேலிப் பத்தி. இரண்டாவது தப்புக்கு விலையை நான் எழுத வேண்டியதில்லை. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. முதல் வருடத்திலேயே முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒரு பாடம் உண்டு. வரப்போகிற லாபத்தைக் கணக்கில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு எல்லாம் இன்றைக்கே ஒதுக்கி வை. அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி, வாரா ஐயக்கடன் ஒதுக்கு கணக்கில் பத்துக்குப் பத்து வாங்கியவன்தான் நீல வானத்தைக் காட்டி மகளிடம் குவாரி வெடி என்றேன். (மூன்று நாள் அடுப்புக்கு யார் ஒதுக்கி வைப்பது என்று பாடத்தில் இல்லை. தடைக்காலத்தில் மீனவர்களுக்கு நிவாரணம் தருகிறோமே, இவர்களுக்கும் ஏதாவது தரலாம் என்பது என் கட்சி.)

இப்போது கோடையில் மலைப்பக்கம் போவதானால் நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் மாவட்டத்துக்கு என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயல்படு. ஆரஞ்சு என்றால் என் அகராதியில் அருவி கிடையாது, பிரானூர் பார்டரில் புரோட்டா மட்டும்தான். மஞ்சள் என்றால் காலையிலேயே குளியலை முடித்துவிட வேண்டும். கோடை இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் வேலைக்கு வருகிற ஆபீசர். 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று டி.வி.யில் ஓடுகிறதே ஒரு வரி, அதை இப்போது நான் கிண்டல் செய்வதில்லை. மேகம் பிறந்த பிறகு பார்த்துச் சொல்வது அது, காலையில் சொன்னதைவிடக் கெட்டி. போன இடத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் மலையின் தலையைப் பார்க்கிறேன். மின்னல் தெரிந்தால் எண்ணுகிறேன். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் நிற்கிறது என்று அர்த்தம், எழுந்துவிட வேண்டும். எண்ண ஒன்றும் இல்லாமல் வெறும் 'கடகட' மட்டும் கேட்டாலும்தான். இடிச் சத்தம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் சாதாரணமாகக் கேட்காது. கேட்கிற தூரத்தில் இருக்கும் மேகம், உங்கள் அருவியின் தலைமாட்டில் இருக்கலாம்.

மகளுக்கு இப்போது இருபத்தொன்று. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்கிறாள். எங்கள் வீட்டில் 'குவாரி வெடி' என்பது ஒரு சொலவடையாகிவிட்டது. நான் எதையாவது தெரியாமல் தெரிந்த மாதிரி அடித்துவிட்டால், அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் போன் வந்தது. "அப்பா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பழைய குற்றாலம் போறோம். தண்ணி விழுதாம்." நான் லேப்டாப்பைத் திறந்தேன். தென்காசி மாவட்டத்துக்கு மஞ்சள்கூட இல்லை. கீழே அந்தப் பழைய வாக்கியம் இருந்தது. ஓரிரு இடங்களில். போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் கோடை முழுக்க யாரும் எங்கும் போக முடியாது. "பன்னிரண்டு மணிக்குள்ள தண்ணியை விட்டு வெளியே வந்துரு. எண்ணெய் தேய்க்கிறவங்க பக்கத்துலயே நில்லு" என்றேன். "தெரியும்ப்பா, தெரியும்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. மேல் படியில் ஆறு பெண்கள், ஈரத் தலையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு. அடியில் ஒரு வரி. 'குவாரி வெடி எதுவும் கேக்கல. போதுமா?'

ஆறு பேரில் இவள் எங்கே நிற்கிறாள் என்று தேடுவதற்கு முன்னால், படத்தைப் பெரிதாக்கி, பின்னால் விழுகிற தண்ணீரைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.